கணு விழுந்த தூண்

இந்தக் கட்டை ஒங்க காலுல இடிக்குதா தம்பி? இருங்க, என் பக்கமாச் சாச்சு வச்சுக்கிடுதேன். இப்ப நீட்டுங்க காலை. மேல போடச் சொல்லிக் கண்டக்டர் ஒரே பிடியா நின்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். வேணும்னா இதுக்கும் ஒரு டிக்கெட் கிழிங்கன்னேன். போர்வையில சுத்தி இருக்கவும் சாமி சிலைன்னு நினைச்சுட்டாரு, பாவம், தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. சிலை இல்லய்யா, மாடிப்படித் தூணுன்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு முன்னால போயிட்டாரு.

நீங்க எதுவரைக்கும்? மதுரையா? நல்லதாப் போச்சு. நானும் மதுரைக்குத்தான். என் மகன் அங்க இருக்கான், சிவபெருமாள்னு பேரு. அவனுக்குத்தான் இதைக் கொண்டு போறேன். மாடிப்படி தொடங்குற இடத்துல ஒண்ணு, முடியுற இடத்துல ஒண்ணு நிக்கும்லா, கைப்பிடி வந்து சேருற தூணு? அதுதான். ஓக்கு மரம். தேக்கு இல்ல பாத்துக்கிடுங்க. தேக்கு எல்லாவன் வீட்டுலயும் இருக்கு. போர்வைக்கு மேலயே தட்டிப் பாருங்க. கேட்டியளா சத்தத்தை?

தூத்துக்குடியில பாத்திரக்கடை வச்சிருந்தேன் நான். தவசிமுத்து பாத்திரக்கடைன்னா பழைய ஆளுகளுக்குத் தெரியும். அண்டாவோ குத்துவிளக்கோ, ஒரு தட்டுத் தட்டுனா உள்ள விரிசல் இருக்கா ஓட்டை இருக்கான்னு சொல்லிருவேன். அந்தக் காதை வச்சு எடுத்த தூணு இது.

மகனுக்குக் கல்யாணம் பேசி முடிச்ச கையோட மாடி எடுத்தோம். கீழ நானும் என் வீட்டுக்காரியும், மேல அவனும் அவன் பொண்டாட்டியா வரப்போற சுகந்தியும். அவ்வளவுதான் திட்டம். கொத்தனாரு படம் போட்டுக்கிட்டு வந்தாரு. மாடிப்படியை வெளியே, சந்துப் பக்கமா வச்சிருந்தாரு. "எல்லாரும் வெளியதான் வைக்காவ அண்ணாச்சி. எடம் மிச்சம். நாளைக்கே வாடகைக்கு விடணும்னாலும் தோது"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். என் மகன் என்ன வாடகைக்காரனாய்யா, வெளிவாசல் வழியா வந்து வெளிவாசல் வழியாப் போறதுக்கு? ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வாசல். படி வீட்டுக்குள்ள வரணும், நடுக்கூடத்துல இருந்து ஏறணும், அதுவும் மரப்படியா இருக்கணும்னு சொல்லிட்டேன்.

மகன்கூட ஒரு வார்த்தை சொன்னான். "வெளிய இருந்தா நல்லதுப்பா. சுகந்தி ஆபீஸ்ல ஷிப்ட்டு மாறி மாறி வரும். ஒங்களுக்குத் தொந்தரவு"ன்னான். பாத்தியளா பிள்ளைய? அப்பாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு எப்படிச் சுத்தி வளைச்சுப் பேசுதான்! போடா, நான் பாத்துக்கிடுதேன்னேன். அவனும் அதுக்கப்புறம் வாயைத் திறக்கல. அப்படி வளத்த பிள்ளை.

படிக்குப் பலகை கிடைச்சுரும், யாரு வேணும்னாலும் இழைச்சுக் குடுத்துருவான். தூணுதான் முக்கியம். வாசல்ல நுழையுற ஆளு கண்ணுல முதல்ல படுறது அதுல்லா? ஐப்பசியில தேட ஆரம்பிச்சவன் தைப்பொங்கல் வரைக்கும் தேடுனேன். எந்த மரக்கடைக்குப் போனாலும் தேக்கைக் காட்டுவான், கோங்கைக் காட்டுவான். தட்டிப் பாப்பேன், பிடிக்காது, வந்துருவேன். ஒரு கடைக்காரரு கேட்டே கேட்டுட்டாரு: "அண்ணாச்சி, தூணு வாங்க வந்தியளா, இல்ல அண்டா வாங்க வந்தியளா?" சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். வாங்குறவன் நான்.

அப்ப துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கப்பல் கம்பெனிக் கட்டடத்தை இடிச்சாவ. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அதுல இருந்த மரம் பூரா ஒரு மரக்கடைக்கு வந்து இறங்குச்சு. போய்ப் பாத்தா, படித்தூணாவே நாலு கிடக்கு. சீமையில இருந்து கப்பல்ல வந்த ஓக்கு. தட்டுனேன் தம்பி. எங்க கடை வெங்கலப் பானை மாதிரி நின்னு பேசுது மரம்.

மறுநாளே வீட்டுப் பொம்பளைய ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும் அப்போ. மருமவளுக்கும் ஒரு மதிப்புக் குடுக்கணும்லா? நீயே எடும்மான்னேன். அந்தப் பிள்ளை நாலையும் பாத்துட்டு, "வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கு இவ்வளவு பெரிய தூணு எதுக்கு மாமா?"ன்னு கேட்டுச்சு. சின்னப் பிள்ளை, விவரம் பத்தாது. சரிம்மா, நீ அங்க நிழல்ல உக்காருன்னு சொல்லிட்டு நானே எடுத்தேன்.

நாலுல ரெண்டு, வெடிப்பு விட்டிருந்துச்சு. மூணாவது ஒண்ணு அப்பழுக்கு இல்லாம, ரேகை ஓடுனா கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே ஓட்டம். அதுதான் இந்தா, இது. நாலாவதுல ஒரு கணு. வெறும் கணுவா இருந்தாக்கூடப் பரவால்ல. கணு கழண்டு விழுந்து, அந்த எடத்துல ஒரு சின்னக் குழி. என் வீட்டுக்காரி ராசகனி அதுமேல கையை வச்சுக்கிட்டு நிக்கா. "ஏங்க, இது இருக்கட்டுமே. பெருவிரலு இதுல உக்காருது. பிடிச்சா கை வழுக்காது"ங்கா.

கணு உள்ள மரம் வாசல் நிலைக்கு ஆகாதுன்னு யாருக்கும் தெரியும். தூணுக்கு மட்டும் ஆகுமா? ஏளா, ஒனக்குக் கூறு இருக்கான்னேன், கடைக்காரன் முன்னாலயே. அவ கையை எடுக்கல. எதுக்கும் அடம் பிடிக்க மாட்டா அவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு சேலைக்குக்கூட எனக்கு இதுதான் வேணும்னு நின்னது கிடையாது. அன்னிக்கு நின்னா. வேற தூணும் இல்லையா, சரி, மாடியில போய் முடியுற எடத்துக்கு இருக்கட்டும், மேல யாரு பாக்கப் போறான்னு வாங்கிப் போட்டேன். அங்கதான் தம்பி தப்புப் பண்ணிட்டேன். அன்னிக்கே அவ பேச்சைத் தட்டியிருக்கணும்.

ஏன்னு சொல்லுதேன். எட்டயபுரம் வந்துட்டா? இல்லையா? சரி.

படி அமஞ்சது பாருங்க, சொந்தபந்தம் பூரா வந்து பாத்துட்டுப் போச்சு. நான் என் சாய்வு நாற்காலியைக் கீழ்த்தூணுக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டேன். கடையையும் விட்டாச்சு, வேற என்ன வேலை? பிள்ளைய போறது வாரது எல்லாம் என் கண்ணு முன்னாலதான். மூணாவது படி மட்டும் லேசா முனகும். அதை வச்சே இறங்குறது மகனா மருமவளான்னு பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமச் சொல்லுவேன். என்னம்மா கிளம்பியாச்சா, சாப்பிட்டியா, எப்ப வருவ, அந்தப் பையில என்ன, இன்னைக்கு ஏன் லேட்டு? வாய் ஓயாமக் கேப்பேன். எத்தனை வீட்டுல மாமனாரு மருமவளை இப்படி விசாரிக்கான் சொல்லுங்க! அந்தப் பிள்ளை ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா ஒரு நாள்கூட அதைக் காலிங் பெல் அடிக்க விட்டதில்ல நான். முழிச்சுக் காத்திருந்து நானே கதவைத் திறப்பேன். கடிகாரத்தைப் பாப்பேன். ஒரு சொல்லு சொன்னது கிடையாது, பாக்கிறதோட சரி.

ஆனா மேல மட்டும் நான் ஏறுனதே இல்ல. மகனும் மருமவளும் இருக்க எடத்துக்கு மாமனாரு ஏறிப் போறது முறை இல்லேல்லா? வீட்டைக் கட்டுனப்ப சாரத்துல ஏறிப் பாத்ததுதான். படி போட்டப்புறம் ஒரு தடவ ஏறுனது கிடையாது. அந்த மேல்தூணு எப்படி நிக்குன்னுகூட நான் பாத்ததில்ல.

மத்தியானத்துல அத்தையும் மருமவளும் மேல்படியில போய் உக்காந்துக்கிடுவாவ. என் வீட்டுக்காரிக்கு முட்டுவலி. அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழும்புவா, உக்காருவா. என்னமோ பேசிக்கிடுவாவ, ஒரே சிரிப்பாக் கேக்கும். கீழ இருந்து நான், "என்ன அங்க சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன்"னு ஒரு குரல் குடுப்பேன். உடனே சத்தம் நின்னு போயிரும். மரியாதை தெரிஞ்ச பொம்பளைய.

அப்புறம் மருமவ உண்டானா. நாலாவது மாசம் கலைஞ்சு போச்சு.

அதைப் பத்தி என்னத்தப் பேச. அந்தப் பிள்ளை மேல போய்ப் படுத்ததுதான், கீழ இறங்கவே இல்ல. ராசகனிதான் கஞ்சியும் ரசமும் எடுத்துக்கிட்டு, அந்த முட்டுவலியை வச்சுக்கிட்டு, ஏறுவா இறங்குவா. நான் கீழ இருந்து வந்தவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். சாவு வீட்டுல துட்டி கேக்க வந்த மாதிரி வந்துச்சு சனம். உடன்குடியில இருந்து என் தங்கச்சி வந்தா. என்னண்ணே இப்படி ஆயிட்டுன்னு அழுதா. நான்தான் தைரியம் சொன்னேன். "அழாத. ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு ஓடுனா எப்படி நிக்கும்? வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்தா அடுத்தது நிக்கும்"னேன். நல்ல வார்த்தைதானே? மேல சின்னதா ஒரு சத்தம் கேட்டுச்சு. அண்ணாந்து பாத்தா, சேலைத் தலைப்பு மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சுது. "யாரும்மா, லைட்டைப் போடவா?"ன்னு கேட்டேன். நான் எழுந்து லைட்டைப் போட்டேன். இருட்டுல நிக்கப்படாதுல்லா, பிள்ளை பறிகுடுத்தவ.

அடுத்த வாரமே மகன் வந்து நிக்கான். மதுரைக்கு மாத்தல் கிடைச்சுட்டுதுங்கான். கிடைச்சுதாம்! கேக்காமக் கிடைக்குமா? அவ பிறந்த ஊரு மதுரை. அவங்க அம்மா போன்ல ஓதிக்கிட்டே இருப்பா. நான் ஒண்ணும் தடுக்கல. போற அன்னிக்கு அந்தப் பிள்ளை இறங்கி வந்தா. மூணாவது படி முனகுச்சு. நான், "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டுச்சு. கீழ்த்தூணை ஒரு கை தொடலை தம்பி. பெத்த பிள்ளை மாதிரி தேடி எடுத்த தூணு. சுவரு ஓரமாவே இறங்கிப் போயிட்டா. எனக்கு நெஞ்சு வலிச்சுது அன்னிக்கு.

எதுனால இப்படி ஆச்சுன்னு நான் யோசிக்காத நாள் இல்ல. ஒரு சண்டை உண்டா, ஒரு பேச்சு உண்டா? ஒண்ணும் கிடையாது. கடைசியில ஒரு நாள் பளிச்சுன்னு பிடிபட்டுச்சு. கணு! வீட்டுக்கு நடுவுல கணு விழுந்த தூணைக் கொண்டு நிறுத்தியாச்சு. கரு எப்படித் தங்கும், குடும்பம் எப்படித் தங்கும்? ராசகனிகிட்டச் சொன்னேன். ஒன் கைதான்ட்டி வம்சத்தையே வெளிய அனுப்பிட்டுன்னேன். அவ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. திரும்பிப் பாத்தா. மறுபடியும் கழுவ ஆரம்பிச்சா. சரின்னு ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். அப்புறம் மனசு தாங்காதப்பல்லாம் சொல்லுவேன். காலையில காப்பி குடிக்கும்போது சொல்லுவேன், சாப்பிடும்போது சொல்லுவேன். வேற யாருகிட்டச் சொல்ல?

அவ தினமும் மேல ஏறுவா. யாருமே இல்லாத மாடி. பெருக்க என்ன குப்பை இருக்கு? ஆனாலும் வாரியலை எடுத்துக்கிட்டுப் போவா. கொஞ்ச நேரம் வாரியல் சத்தம் கேக்கும், அப்புறம் கேக்காது. மேல்படியில தூணுல சாஞ்சு உக்காந்திருப்பா போல. வெள்ளிக்கிழமைன்னா நிலைக்கு வைக்கிற மஞ்சளும் குங்குமமும் கொஞ்சம் மேல போகும். எதுக்குன்னு கேட்டேன். சும்மாதான்னா.

போன ஆடியில ஒரு நாள். சாயங்காலக் காப்பி நேரம். மேல போனவ இறங்கல. ஏளா ராசகனி, காப்பின்னு குரல் குடுத்தேன். பதில் இல்ல. காலையிலதான் அந்தத் தூணைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தேன், கோவம் போலன்னு பேப்பரை எடுத்துக்கிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் எனக்கும் கோவம் வந்துட்டு. அவளா இறங்கட்டும்னு உக்காந்துட்டேன். காப்பி இல்லாம எனக்குத் தலை வலிக்க ஆரம்பிச்சுது.

பூக்காரி வந்தா. அக்காவை எங்கன்னா. மேல இருக்கா, போய்க் கூப்பிடுன்னேன். அவ ஏறிப் போனா. அங்க இருந்து, "அண்ணாச்சி, மேல வாங்க"ன்னா. நான், "நான் மேல வாரதில்லேன்னு ஒனக்குத் தெரியாதா, அவளைக் கீழ வரச் சொல்லு"ன்னேன்.

தண்ணி வச்சிருக்கீங்களா தம்பி? கொஞ்சம் குடுங்க.

ஏறுனேன். என் வீட்டுப் படியில அன்னிக்குத்தான் முதல் தடவ ஏறுனேன். எத்தனை அழகாச் செஞ்சிருக்கான் ஆசாரின்னு அப்பத்தான் பாக்கேன். ராசகனி மேல்படியில உக்காந்து, தூணுல தலையைச் சாச்சிருந்தா. தூங்குறவ மாதிரிதான் இருந்தா. ஒரு கை தூணைப் பிடிச்சிருந்துச்சு. பெருவிரலு அந்தக் குழிக்குள்ள. நான்தான் எடுத்து விட்டேன். தூணு பூரா மஞ்சளும் குங்குமமும், ஒண்ணுமேல ஒண்ணா, நிலைக்கு வச்சதைவிட அதிகம்.

நான் கூப்பிட்டப்ப உயிரோட இருந்தாளா இல்லையான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். அதைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்கன்னுட்டாரு. சரிதான். என்ன செய்ய?

மகன் வந்தான், மருமவ வந்தா, காரியம் எல்லாம் முறைப்படி நடந்துச்சு. மருமவ அழுத அழுகை தம்பி, பெத்த தாய்க்குக்கூட அப்படி அழ மாட்டாவ. அந்தத் தூணுக்குக் கீழ உக்காந்துதான் அழுதா. பதினாறு முடிஞ்சதும் மகன்கிட்டச் சொன்னேன், இனிமே இங்கயே வந்துருங்கடா, மாடி அப்படியே இருக்குன்னு. பாப்போம்பான்னான். பாப்போம்னா வருவான்னுதானே அர்த்தம்?

இப்ப போன வாரம் போன் பண்ணுனான். "அப்பா, மேல்தூணை மட்டும் குடுப்பீங்களா? சுகந்தி கேக்குதா. அத்தை கைபட்டதுன்னு சொல்லுதா"ன்னான். வேற ஒண்ணும் வேண்டாமாம். ராசகனி நகை, பட்டுச்சேலை எல்லாம் பெட்டியில இருக்கு, அதுகூட வேண்டாமாம். "நீங்க அலைய வேண்டாம்ப்பா, ஆசாரிகிட்டச் சொல்லிக் கழட்டி லாரி சர்வீஸ்ல போட்டுருங்க, போதும்"னான். எனக்கு அலைச்சல் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கான். நான் விடுவேனா? நானே கொண்டாரேன்னு சொல்லல, சொன்னா வேண்டாம்பான். திடுதிப்புன்னு போய் நிக்கப் போறேன்.

இன்னொண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாதீய. மருமவ மறுபடியும் உண்டாகியிருக்கா. என் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். மகன் என்கிட்டச் சொல்லல, கண்ணு பட்டுரும்னு வச்சிருக்கான் போல. ஏழு மாசமாம். நின்னுட்டுது தம்பி!

ஆமா, அதைத்தான் கேக்க வாரீய, தெரியுது. கேட்டது மேல்தூணு, நீங்க கொண்டு போறது கீழ்த்தூணுல்லா அப்படின்னுதானே? பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுக்குக் கணு விழுந்ததை எப்படித் தம்பி கொண்டு போக? அறிஞ்சு அறிஞ்சு அதைச் செய்வனா? அதான் ஆசாரியை வரச் சொல்லி இதைக் கழட்டுனேன். நான் பாத்துப் பாத்து எடுத்தது, அப்பழுக்கு இல்லாதது. பேரப்பிள்ளை வார வீட்டுக்கு நல்லதுதானே போகணும்?

அது அங்கயே நிக்கட்டும். எனக்கும் இப்ப ஏறி இறங்கப் பிடி வேணும்லா? சாயங்காலம் ஆனா மேல போயிருதேன். கீழ நாற்காலியில உக்கார முடியல. அந்தப் படி முனகுனா யாரோ இறங்குறாவன்னு தலையைத் தூக்கிருதேன். மேல போய் அவ உக்காந்த எடத்துல உக்காந்து பிடிச்சுக்கிட்டா, பெருவிரலு அதுவாப் போய் அந்தக் குழியில உக்காந்துக்கிடுது. அவ சொன்னது சரிதான், கை வழுக்கல. அதை எப்படிக் கழட்ட?

மதுரையில அவன் இருக்கது நாலாவது மாடி. வீட்டுக்குள்ள படி கிடையாது, லிப்ட்டுதான். தூணை எங்க நிறுத்துவாளோ தெரியல. நிறுத்திக்கிடட்டும். எப்படியும் ஒரு நாள் இருந்துட்டுத்தான் வருவேன். இருக்கச் சொல்லுவாவ.

மாட்டுத்தாவணி வந்துட்டா? எறங்கும்போது ஒரு கை குடுங்க தம்பி. தலைப்பக்கம் நீங்க பிடிங்க. பாத்து, பாத்து. போர்வை விலகிட்டா? பரவால்ல, மூடிக்கிடலாம். இந்தா, இந்த எடத்துல ஒரு பொட்டு மஞ்சளும் குங்குமமும் வச்சிருக்கேன், பாத்தியளா? காலையில நானே வச்சேன். மேல்தூணுன்னு சொல்லிக் குடுத்துருவேன். ரெண்டும் ஒரே மரம், ஒரே அளவு, ஒரே பாலீஷு. கையை வச்சுப் பாத்தாலும் அவளுக்கு என்ன தெரியப் போகுது?